நாம் தப்பி வந்தது எதிலிருந்து?

“எங்க பாடு எங்களோட போகட்டும்.” மலையகத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு முறையாவது எழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அது நாள்தோறும் எழுந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கவ்வாத்துக்காரர். அம்மா கொழுந்து பறித்தார். நான் படித்து ஆசிரியையாகி, மாத்தளையில் வீடு கட்டி, ஓய்வூதியம் வாங்கும் வயதுக்கும் வந்துவிட்டேன். அப்பா விரும்பியபடியே அவர் கத்தி என் கைக்கு வரவில்லை. அப்படியிருக்க, இந்த வயதில் நானாகவே ஒரு கம்மாலைக்குப் போய்க் கத்தி அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். உலைக்குப் பக்கத்தில் நின்றபோது எழுந்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பெற்றோர் எதிலிருந்து நம்மை விடுவிக்க நினைத்தார்கள்? நாம் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம்? இரண்டும் ஒன்றுதானா?

கம்மாலை மாத்தளை நகரைத் தாண்டிச் சாலையோரமாக இருக்கிறது. அதை நடத்துகிறவர் பரம்பரைக் கொல்லர். தொழிலை எடுத்து நடத்த வீட்டில் ஆளில்லை என்று ஆனபிறகு, கேட்டு வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உக்குவளையில் மோட்டார் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி ஒருவர், விவசாயம் படிக்கும் சிங்களப் பிள்ளை ஒருவர், கொழும்பில் கணினி வேலை பார்த்து வார இறுதியில் ஊருக்கு வரும் இளைஞர் ஒருவர், நான். இதுதான் வகுப்பு. நாங்கள் எல்லோரும் அவரை “பாஸ்” என்றோம். அவர் என்னை “டீச்சர்” என்றார். உறவுக்காரர் ஒருவர், “இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?” என்று பழமொழியால் கேட்டார். கத்தியோடு வாழ்ந்த ஒருவரின் மகளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண் தெரியாது. வேண்டுமென்றே இருட்டாக வைத்திருக்கிறார். வெயில் உள்ளே அடித்தால் இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் வேலை நடக்காது. உலையில் சிரட்டைக்கரி. முன்பு துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சாரத்தில் ஓடும் சிறிய காற்றூதி. பட்டடையாக இருப்பது புகையிரதத் தண்டவாளத்தின் ஒரு துண்டு, பலா மரக் கட்டையில் இறக்கி நிறுத்தியது. குறடுகள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. கத்திக்கான இரும்பு பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டை. மலைப்பாதையில் வருடக்கணக்கில் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. அதில் காபன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். அந்தச் சிறு அளவுதான் சாதாரணக் கம்பிக்கும் கத்திக்கும் உள்ள வித்தியாசம். காபன் குறைந்த கம்பியை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது கூர் பிடித்து நிற்காது.

சுத்தியல் பிடிப்பதுதான் முதல் பாடமாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். பாஸ் எங்களை உலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வைத்தார். “அடிக்கிறது கைக்கு வந்துரும். பார்க்கிறதுதான் வரணும்” என்றார். பட்டை கரிக்குள் கிடக்கிறது. முதலில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு இருட்டில் மட்டும் தெரிகிற மங்கிய சிவப்பு. அது தெளிந்து நல்ல சிவப்பாகிறது, பிறகு செம்மஞ்சள், அதற்கு மேல் மஞ்சள். மஞ்சளைத் தாண்டி வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். எரிந்த இரும்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. செம்மஞ்சளில் அடிக்க வேண்டும், மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி மறுபடி உலைக்குள் வைக்க வேண்டும். ஆறிய இரும்பை அடித்தால் வெளியே தெரியாத விரிசல் உள்ளே விழும். உலையிலிருந்து எடுத்து மறுபடி வைப்பதற்குள் கிடைக்கிற நேரம் மிகக் கொஞ்சம். அதற்குள் எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு பலத்தோடு என்பதை முடிவுசெய்திருக்க வேண்டும். யோசனையெல்லாம் இரும்பு உலைக்குள் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

கத்தியின் வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்கும்போது நடப்பது முதலில் வியப்பாக இருந்தது. அடி விழுந்த பக்கம் நீளும், முதுகுப்பக்கம் நீளாது. அதனால் நேராக இருந்த பட்டை முதுகை நோக்கி வளைந்துகொண்டே போகும். பாஸ் அதைப் பிறகு நிமிர்த்துவதில்லை. தொடக்கத்திலேயே பட்டையை எதிர்ப்பக்கமாக வளைத்துக்கொள்கிறார். வாய் அடிக்கப்பட அடிக்கப்பட அந்த வளைவு தானே நிமிர்ந்து, கடைசியில் கத்தி நேராகி நிற்கிறது. எவ்வளவு வளைக்க வேண்டும் என்று அவரிடம் அளவுகோல் கிடையாது. பட்டையின் அகலத்தைப் பார்ப்பார், வளைப்பார், சரியாக வரும். நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் கணிதம் கற்பித்தவள். விடைக்கு முன் படிமுறை வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவள். படிமுறை முழுவதும் கண்ணிலும் மணிக்கட்டிலும் இருக்க, விடை மட்டும் இரும்பில் வந்து நிற்கும் ஒரு கணக்கை அங்கேதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எல்லாவற்றிலும் நுட்பமானது தோய்ச்சல். வடிவம் வந்த கத்தியை நல்ல சிவப்புக்குக் காய்ச்சுகிறார். காந்தத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார், எங்களுக்குக் காட்டுவதற்காக. சுமார் 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு இழுபடாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேறியதும் எடுத்து, பழைய எஞ்சின் ஒயிலில் நிமிர்த்தி இறக்குகிறார். ஒயில் சீறிப் புகைகிறது. வெளியே எடுத்து அரத்தால் தேய்த்தால் அரம் பிடிக்காமல் வழுக்கும். அவ்வளவு கடினம். “இப்ப கீழ போட்டா உடைஞ்சிரும்” என்றார் பாஸ். சடுதியாகக் குளிர்ந்தபோது காபன் வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள் சிக்கிக்கொண்டதால் வந்த கடினம் அது. அந்தக் கடினத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் கத்தி உழைக்கும்.

கத்தியின் ஒரு பக்கத்தைச் சாணைக்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். காய்ச்சிச் சிவந்த இரும்புக் கட்டி ஒன்றின் மேல் முதுகுப்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தார். சற்று நேரத்தில் வெள்ளை இரும்பில் முதுகிலிருந்து நிறங்கள் ஊர்ந்து வரத் தொடங்கின. முன்னால் மெல்லிய வைக்கோல் நிறம், அதற்குப் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம், முதுகோரம் நீலம். சூட்டுக்கேற்ப இரும்பின் மேல் படியும் மெல்லிய படலம் தடிக்கிறது; அந்தத் தடிப்புக்கேற்ப ஒளி நிறம் மாறித் தெரிகிறது. வைக்கோல் நிறம் என்றால் 220 பாகை அளவு, கத்தரிப்பூ என்றால் 280 அளவு என்று புத்தகத்தில் இருக்கிறது. பாஸுக்கு எண் தேவைப்படவில்லை. “வைக்கோல் வாய்க்கு வந்ததும் எடுத்துரணும். இது சமையல் கத்தி. மன்னாக்கத்தின்னா இன்னும் விடலாம், பழுப்புக்குப் போகட்டும். விறகு வெட்டுறதுக்குக் கூரைவிட உடையாம இருக்கிறதுதான் முக்கியம்.” வைக்கோல் நிறம் வாயின் ஓரத்தைத் தொட்ட கணத்தில் கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்தினார். நிறங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரே இரும்பில் வாய் கடினமாகவும் முதுகு இளகியும் அமைந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவின் நினைவு.

கவ்வாத்து என்றால் என்ன என்று நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் அது மரமாகிவிடும், கொழுந்து குறையும். வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில் விழ வேண்டும். பட்டை கிழிந்தால் அந்த வழியாக அழுகல் ஏறும், செடி செத்துப்போகும். எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது, நோய் பிடித்த தண்டை எங்கே வரை வெட்டுவது என்று ஒவ்வொரு செடியிலும் முடிவெடுக்க வேண்டும். அப்பா மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கத்தியைக் கல்லில் தீட்டுவார். கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி தீட்டுவார், பிடித்தால் எழுந்துவிடுவார். அம்மா கவ்வாத்து மலையிலிருந்து மிலாறு கட்டிக் கொண்டுவருவார். வெட்டின அடி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அந்த விறகைப் பார்த்தே இது யார் வெட்டியது என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அந்தக் கண் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அதை அறிவு என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பாடசாலை சொல்லவில்லை, தோட்டம் சொல்லவில்லை, அப்பாவே சொல்லவில்லை. “கூலி வேலை” என்ற பெயரில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு கொல்லரிடம் போய் நின்றபிறகுதான், அப்பாவின் நகத்தில் இருந்தது பாஸின் கண்ணில் இருப்பதற்கு ஒப்பான ஒன்று என்று தெரிந்தது.

அப்பாவின் தலைமுறைக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்து இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த வருகைக்கு இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்தது. ஆகஸ்ட் 12இல் அது இங்கே வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கான மனிதர்களை இரண்டு நாடுகளுக்கும் பிரித்து எழுதியது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பது பல ஆண்டு கேட்டபிறகு 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. விடியலில் பேர் பதியும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கணக்கு குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இப்படிப்பட்ட வாழ்க்கையில் கையில் இருந்த கத்தியும் அந்தத் துன்பத்தின் பகுதியாகத்தான் தெரியும். “எங்க பாடு எங்களோட போகட்டும்” என்று அப்பா சொன்னபோது கத்தியையும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்தச் சொல்லைப் பிடித்து மேலே வந்த எங்கள் தலைமுறைக்கு வேறொரு கடமை இருந்தது. பாடு எது, திறன் எது என்று பிரித்துப் பார்க்கும் வசதி எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் பிரிக்கவில்லை. கையில் காய்ப்பு இருப்பதே தோல்வியின் அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பில் படிக்காத பிள்ளையைப் பார்த்து “மண்வெட்டி பிடிக்கத்தான் போகிறாய்” என்று சொல்கிற ஆசிரியர்கள் நம் எல்லாப் பாடசாலைகளிலும் உண்டு. அந்தப் பிள்ளையின் தகப்பன் அன்று காலையில் மண்வெட்டி பிடித்து உழைத்த பணத்தில்தான் அவன் சீருடையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

நாம் எதை இவ்வளவு சுலபமாகக் கீழே வைத்துவிட்டோம் என்பதை இந்த மாத்தளை மண்ணே சொல்லும். சீகிரியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அலகொலவெவ என்றொரு கிராமம் இருக்கிறது. அதையடுத்த தெஹிகஹ-அல-கந்தவில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் கிட்டக் குவியல்களும் வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் அங்கே இரும்பு எடுத்திருக்கிறார்கள். மன்னன் காசியப்பன் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீகிரியாக் குன்றில் மாளிகை எழுப்புவதற்கு வெகு முன்பே அந்தக் காட்டில் உலைகள் எரிந்தன. இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். அவ்வளவு சூடு அந்த உலைகளில் ஏறாது. கல்லில் இருக்கிற கிட்டம் மட்டும் உருகி வழிந்தோட, இரும்பு உருகாமலே கட்டியாக அடியில் சேரும். அதை அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றித்தான் மண்வெட்டியும் கோடாரியும் செய்தார்கள். கல் வெட்டவும் குளம் தோண்டவும் காடு திருத்தவும் அந்த இரும்புதான் உதவியது.

பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் இன்னும் வியப்பானது நடந்திருக்கிறது. நீர்மின் அணைக்கட்டுக்கு முன்பான ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையானவை. துருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் ஏறி வீசும் வேகத்தையே உலைக்கு ஊதுகாற்றாக ஆக்கியிருக்கிறார்கள். ஆய்வாளர் கில் ஜூலெஃப் அதே முறையில் உலை கட்டி, அதே காற்றில் எரித்து, காபன் கூடிய நல்ல இரும்பு வருவதைச் செய்தே காட்டினார். 1996இல் அது ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தபோதுதான் உலகம் நம்பியது. காற்றை அப்படிப் படித்தவர்கள் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால் அவர்கள் அறியாதவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

தமிழ்நாட்டின் கொடுமணலிலும் இலங்கையின் மலைகளிலும் மூடிய மண்மூசையில் இரும்போடு மரத்துண்டு வைத்துக் காய்ச்சி உருக்கு எடுக்கும் வித்தை இருந்தது. ஆவாரை மரத்தை அதற்கு விரும்பிப் பயன்படுத்தியதாக இரு கரைகளிலும் குறிப்பு உண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்த 1900களின் தொடக்கத்தில், இந்த வித்தை தெரிந்த கடைசி மனிதர்களைத் தேடிப்போய்ப் பார்த்து எழுதினார். 1908இல் வந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை நூலில் இரும்புத்தொழிலுக்கும் இடமிருக்கிறது. அவர் போகும்போதே மலிந்த சீமை இரும்பு வந்து உலைகள் அணைந்திருந்தன. இன்னொரு தலைமுறை பொறுத்துப் போயிருந்தால் கேட்டு எழுதவும் ஆள் இருந்திருக்காது. எழுதப்படாத அறிவு இப்படித்தான் போகும். அதைத் தெரிந்த கடைசிக் கை ஓயும் நாளில், ஊருக்கே தெரியாமல் போய்விடும்.

இதற்கு வெகு முன்னாலேயே லண்டனில் ஒருவர் இந்தப் பக்கத்து உருக்கை எடுத்து வைத்து ஆராய்ந்தார். மைக்கல் ஃபரடே. 1819இல் அவர் இந்திய உருக்கைப் பகுத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்யும் தொழிலாளியோடு சேர்ந்து உருக்குக் கலவைகள் செய்துபார்த்தார். மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய அவருடைய பெருங்கண்டுபிடிப்புகள் அந்தக் கட்டுரைக்குப் பின்னால் வந்தவை. ஃபரடேயின் தகப்பன் ஒரு கொல்லர். ஏழ்மையான கம்மாலை வீட்டிலிருந்து புத்தகம் கட்டும் கடைக்குப் போய், அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனவர் அவர். வறுமையை விட்டுவிட்டுப் போனார். இரும்பின் மேல் இருந்த ஆர்வத்தை விடவில்லை. தகப்பனுடைய உலகத்திலிருந்து வெளியேறுவதற்கு அதைத் துறக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி எழுதும்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ஓய்வூதியம் வாங்குகிறவருக்குக் கம்மாலை இனிக்கும். அதை நம்பிச் சோறு தின்கிறவருக்கு இனிக்குமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுக் கைத்தொழிலைப் புகழ்வது நேர்மையாகாது. பாஸின் மகன் கட்டாரில் சாரதி வேலை பார்க்கிறார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. “அவனைக் குறை சொல்ல மாட்டேன் டீச்சர். ஒரு கத்திக்கு என்ன குடுக்கிறாங்கன்னு அவனுக்கும் தெரியும்” என்றார். பக்கத்துக் கடையில் இறக்குமதிக் கத்தி அதைவிடக் குறைந்த விலைக்குத் தொங்குகிறது. காலை முழுவதும் உலையில் நின்று செய்த கத்தியை வாங்க வந்தவர், கையில் எடுத்த உடனே விலையைக் குறைக்கச் சொல்கிறார். புகை கண்ணைக் கெடுக்கிறது, சம்மட்டி தோளைக் கெடுக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் மரபு, பெருமை என்று பேசினால் அது பாஸுக்குச் செய்யும் அநியாயம்.

கணினி வேலை பார்க்கும் இளைஞர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை. “எனக்குக் காசு வருது பாஸ். ஆனா நான் செய்ற வேலையை நாளைக்கு யார் செஞ்சாலும் ஒண்ணுதான். நான் இல்லன்னா அங்க ஒரு வித்தியாசமும் தெரியாது” என்றார். தாம் தீட்டிய கத்தியை வீட்டில் அம்மா பயன்படுத்துவதாகச் சொன்னபோது அவர் முகம் வேறாக இருந்தது. அவருடைய பாட்டனாரும் தோட்டத்தில் பேர் போட்டு உழைத்தவர்தான். குடும்பம் மூன்று தலைமுறையில் வெகுதூரம் வந்துவிட்டது. ஆனாலும் வேலையைப் பற்றி அவர் சொன்ன குறை பாட்டனார் சொல்லியிருக்கக்கூடிய குறைதான்.

இந்த இரண்டு பேரின் பேச்சையும் சேர்த்து வைத்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு வேலை மனிதரை உயர்த்துகிறதா தாழ்த்துகிறதா என்பது அது கையால் செய்யப்படுகிறதா, நாற்காலியில் இருந்து செய்யப்படுகிறதா என்பதைப் பொறுத்ததில்லை. அந்த வேலைக்குள் முடிவெடுப்பவர் யார்? அதன் பலன் யாருக்குப் போகிறது? செய்யச் செய்ய, செய்கிறவரிடம் ஏதாவது வளர்கிறதா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அப்பாவிடம் திறன் வளர்ந்தது. ஆனால் எந்த மலையை எப்போது வெட்டுவது, எத்தனை செடிக்கு ஒரு பேர் என்பதையெல்லாம் துரையும் கங்காணியும் முடிவுசெய்தார்கள். பலன் கண் காணாத இடத்துக்குக் கப்பலேறியது. பாஸிடம் முடிவு இருக்கிறது, திறன் இருக்கிறது, பலன்தான் போதவில்லை. அந்த இளைஞருக்குப் பலன் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. நாம் பிள்ளைகளைத் தப்பிக்க வைக்க வேண்டியது, முடிவும் பலனும் வளர்ச்சியும் மறுக்கப்படுகிற நிலையிலிருந்து. அந்த நிலை தேயிலை மலையிலும் இருக்கலாம், தையல் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கலாம், கண்ணாடிக் கட்டடத்திலும் இருக்கலாம்.

நம் வழக்கத்திலேயே இதற்கு இடமிருந்தது. நவராத்திரி முடிவில் லயத்து வீட்டில் சரஸ்வதி படத்தின் முன்னால் பாயை விரித்து என் பாடப் புத்தகங்களை அடுக்குவார் அம்மா. அவற்றின் பக்கத்திலேயே அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துக் கிடத்துவார். அன்று இரண்டுக்கும் ஒரே தீபாராதனை. மாசிமகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் தேர்களை வடம் பிடித்து இழுக்கிற நாம், அந்தத் தேர்களைச் செய்கிற தச்சரின் உளியையும் கொல்லரின் சுத்தியலையும் தனியே பிரித்துத் தாழ்வு சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்டு முழுவதும் அதைத்தான் செய்துவருகிறோம். தொழிலைச் சாதியோடு கட்டி, சாதியை உயர்வு தாழ்வோடு கட்டி வைத்த பழைய முடிச்சு அது. தோட்டம் அதற்கு மேல் இன்னொரு முடிச்சைப் போட்டது. இரண்டையும் அவிழ்க்காமல் கைத்தொழிலுக்கு மதிப்புக் கொடுங்கள் என்று மேடையில் பேசி ஒரு பயனும் இல்லை.

அவிழ்ப்பதற்கு வழிகள் இருக்கின்றன. பதின்மூன்று ஆண்டுக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதிசெய்யும் நோக்கில் 2017 முதல் உயர்தரத்தில் தொழிற்பிரிவு வந்திருக்கிறது. சித்தியடையாத பிள்ளைகளை ஒதுக்கிவிடும் மூலையாக அதை நாம் ஆக்கிவிடக் கூடாது. கணிதத்தில் சிறந்த பிள்ளையும் விரும்பிப் போகிற இடமாக அது இருக்க வேண்டும். உலோகம் சூட்டில் ஏன் நிறம் மாறுகிறது என்ற பாடத்தை ஒரு கொல்லரை வகுப்புக்கு அழைத்து நடத்தலாம். அழைத்தால் அவருக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஊதியமும் கொடுக்க வேண்டும். தோட்டங்களில் இன்றும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற மூத்தவர்களிடம், வெட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை நம் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கலாம். குமாரசுவாமி கொல்லர்களுக்குச் செய்ததை, நம் தாத்தாக்களுக்கு நாமே செய்ய முடியும். வீட்டுக்கு ஒரு கத்தி வேண்டுமென்றால், ஊரில் கம்மாலை இருக்கிறதா என்று முதலில் தேடி, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கலாம். ஒழுங்காகத் தோய்த்த கத்தி பல ஆண்டு உழைக்கும். மழுங்கினால் தீட்டலாம், வாய் தேய்ந்தால் அதே இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி தோய்த்து வாங்கலாம். குப்பைக்குப் போகிற மலிவுக் கத்திகளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இதுதான் இலாபம்.

வகுப்பில் இப்போது புதிதாக ஒரு பெண்பிள்ளை சேர்ந்திருக்கிறாள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். அவளைக் கூட்டிவந்த தாய் கொழுந்து பறிக்கிறவர். வாசலில் நின்று தயக்கத்தோடு என்னிடம், “டீச்சர், படிச்ச புள்ள இதைச் செஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டார். படித்ததால்தான் அவள் இதைத் தேர்ந்தெடுக்க முடிகிறது, வேண்டாமென்று விட்டுவிடவும் முடிகிறது என்று சொன்னேன். தேர்ந்தெடுக்கவும் விட்டுவிடவும் முடியாத நிலையில்தான் நம் முன்னோர் கத்தியைப் பிடித்தார்கள். அந்த முடியாமையை ஒழிக்கத்தான் அவர்கள் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சான்றிதழை ஒரு கையிலும் சுத்தியலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, எதற்கும் கூசாமல் நிற்கிற பிள்ளைகள் நம் ஊரில் பெருகினால்தான் அவர்கள் தொடங்கியதை நாம் முடித்தவர்களாவோம்.